ஒன்றுமில்லை

குழந்தையிடம் பொய் சொல்லலாமா என்ற கேள்வியை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், காலை ஐந்தரை மணிக்கு, என் நான்கு வயதுப் பெண்ணின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது அது என்னிடம் வந்தது. அதற்கு முன் அது ஒரு கேள்வியாகவே எனக்குப் படவில்லை. எல்லாத் தகப்பன்மாரையும் போல நானும் தினம் நாலு பொய் சொல்லிச் சோறு ஊட்டியவன்தான்.

வங்கி என்னைக் கல்வராயன் மலைக்கு மாற்றியபோது கரியாலூரில் வீடு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போனேன். மழைக்காலம் முடிகிற சமயத்தில் பெண்ணுக்கு ஜுரம் வந்தது. சாயங்காலமானால் வரும், காலையில் இருக்காது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. இருமல் நிற்கவில்லை. எடை குறைந்தது. மலையிலிருந்த டாக்டர் மார்பில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, கீழே அழைத்துப் போய்விடுங்கள் என்றார். வளைவு வளைவாக மலையிறங்கி, கோமுகி அணையும் கச்சிராயபாளையமும் கழிந்து, பஸ் சமவெளிக்கு வந்தபோது அவள் என் மடியில் இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே அவசியமில்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. “டி.பி.யா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பார்த்துடுவோம்” என்றார் டாக்டர்.

பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு அந்த இரண்டெழுத்துக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? கீட்ஸ், 1821. செக்காவ், 1904. காஃப்கா, 1924. புதுமைப்பித்தன், 1948. இலக்கியம் எனக்குக் கொடுத்து வைத்திருந்தது இந்தப் பட்டியல் ஒன்றைத்தான். 1959இல் சென்னையில் வெளிவந்த ஒரு ஆய்வின் முடிவு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் கிடந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று உலகத்துக்கே காட்டியதையும், குழந்தைகளுக்கு இன்று இது பெரும்பாலும் முற்றிலும் குணமாகிற வியாதி என்பதையும் நான் பிறகுதான் படித்தேன். அன்று இரவு வராந்தாவில் உட்கார்ந்து செத்துப்போன எழுத்தாளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என்னுடைய பயம் என் பெண்ணைப் பற்றியதாகக்கூட இல்லை. அது படித்தவனின் பயமாக இருந்தது. இதைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொல்லப்போகிற பொய்யின் வேர் அங்கே இருக்கிறது.

முதல் சோதனை சுலபமானது. முன்கையில் தோலுக்குள்ளேயே நிற்கிற மாதிரி ஒரு சின்ன ஊசி. நர்ஸ் அதைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, சொறியக்கூடாது என்றாள். இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் பத்து மில்லிமீட்டர் என்பது கணக்கு. பெண்ணுக்கு அந்த வட்டம் பிடித்திருந்தது. வார்டில் எல்லோருக்கும் காட்டினாள்.

இரண்டாவது சோதனை அப்படியில்லை. பெரியவர்களிடம் சளியைக் காறி ஒரு டப்பியில் துப்பச் சொன்னால் போதும். சின்னக் குழந்தைகளுக்குத் துப்பத் தெரிவதில்லை, விழுங்கிவிடுகிறார்கள். இரவெல்லாம் விழுங்கியது விடியற்காலையில் வயிற்றில் இருக்கும். குழந்தையை ராத்திரி பட்டினி போட்டு, அது எழுந்து நடமாடுவதற்கு முன் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை வயிறு வரைக்கும் இறக்கி, அங்கே இருப்பதை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு நாள் எடுப்பது போதாமல் போகலாம் என்பதால் தொடர்ந்து மூன்று விடியற்காலை.

முதல் நாள் ராத்திரி அவள் கேட்டாள்: “நாளைக்கு வலிக்குமாப்பா?”

“ஒண்ணுமில்லடா. மூக்குல சும்மா தொட்டுப் பாப்பாங்க. வலிக்கவே வலிக்காது.”

அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பக்கத்துக் கட்டிலில் மலையிலிருந்து வந்த ஒரு பையன். என் பெண்ணைவிட ஒரு வயசு கூட இருக்கலாம். அவனுக்கும் மறுநாள் இதே சோதனை. அவனும் தன் அப்பனிடம் இதே கேள்வியைக் கேட்டான். “வலிக்கும் சாமி” என்றார் அவர். “ரொம்ப நேரம் இல்ல. நான் பிடிச்சுக்கிட்டே இருப்பேன்.” பையன் பாதி ராத்திரி வரைக்கும் விசும்பிக்கொண்டிருந்தான். எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சல் வந்தது. குழந்தைக்கு ஒரு இரவையாவது மிச்சம் பிடித்துக் கொடுக்கத் தெரியாத முரடு என்று நினைத்தேன். என் பொய்க்கு உடனடியாகக் கைமேல் லாபம் இருந்தது. அவர் சொன்ன உண்மைக்கு நஷ்டம்தான். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு உண்மையைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

காலையில் நர்ஸ் வந்து, குழாயை மூக்கிலிருந்து காது வரை, காதிலிருந்து மேல்வயிறு வரை வைத்து நீளம் பார்த்து, ஒட்டுத்துணியால் அடையாளம் செய்தாள். பெண்ணைப் போர்வையில் சுற்றினார்கள். “சார், நல்லா பிடிச்சுக்கோங்க” என்றாள். பிடித்துக்கொண்டேன். குழாய் தொண்டையைத் தொட்டபோது அவள் உடம்பு முழுவதும் வில்லாக வளைந்தது. ஓங்கரித்தாள். அலறுவதற்கு வாய் திறந்தாள், அதற்கும் முடியவில்லை. எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். அந்த நேரத்தில் அவள் நர்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்கு வார்த்தை இருக்கிறது. எழுதத் தெரிந்தவனுக்கு எப்போதும் இருக்கும். வர்ணிக்க மாட்டேன். குழந்தையின் கண்ணீரைக் காசாக்குவது நம் கதைகளில் ஏற்கெனவே தேவைக்கு மேல் நடந்திருக்கிறது.

பையனும் அதே அளவு அலறினான். உண்மை சொன்னதால் அவனுக்கு வலி ஒரு இம்மி குறையவில்லை. குழாயை உருவியதும் அவன் அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். என் பெண் என் கையிலிருந்து நழுவி, வராந்தாவில் நின்றிருந்த அம்மாவிடம் போனாள். வித்தியாசம் இவ்வளவுதான். பார்வையாளனுக்கு இது அற்பமாகத் தெரியலாம்.

திருவள்ளுவர் வாய்மையைத் துறவறவியலில் வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மக்கட்பேறு இல்லறவியலில் இருக்கிறது. குழந்தை பெற்றவனின் அதிகாரமும் பொய் சொல்லாதவனின் அதிகாரமும் வேறு வேறு இயல்களில். இதிலே ஒரு சலுகை இருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளோ குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறது. நம் வீடுகளில் இந்தக் குறளுக்கு இருக்கிற செல்வாக்கு மற்ற ஒன்பதுக்கும் கிடையாது. கல்யாணத் தரகரிலிருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் அதுவே துணை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் காண்ட். 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், கொலைகாரன் வாசலில் வந்து நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்ல உனக்கு உரிமை இல்லை என்றார். கல்லூரியில் இதைப் படித்தபோது நாங்கள் சிரித்தோம். ஆனால் வார்டில் நான் இருந்த ஸ்திதிக்குக் காண்டும் பயன்படவில்லை, அவர் உதாரணத்தால் அவரை மறுப்பதும் பயன்படவில்லை. அந்தக் கதையில் பொய் கேட்பவன் எதிரி. பொய்யால் காப்பாற்றப்படுகிறவன் வேறொருவன். இங்கே நான் பொய் சொன்னதும், யாரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டேனோ அவளும் ஒன்று. காண்டின் நண்பன் உள் அறையில் இருந்து தப்பித்துக்கொள்ளலாம். என் பெண் அந்தப் பொய்யை நம்பிப் போர்வைக்குள் வந்து படுத்தாள்.

குறளின் நிபந்தனைக்குத் திரும்புகிறேன். குற்றமில்லாத நன்மை. குற்றம் இல்லை என்று தீர்ப்புச் சொல்வது யார்? பொய் சொன்னவனேவா? நான் என்னைக் குறுக்கு விசாரணை செய்து பார்த்தேன். அன்று இரவு நிம்மதி யாருக்குத் தேவையாக இருந்தது? அவள் அழுதிருந்தால் நான் அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். என் பயத்தையும் அவள் பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருக்க வேண்டும். அதற்கு எனக்குத் திராணி இல்லை. வராந்தாவுக்குப் போய் கீட்ஸையும் காஃப்காவையும் எண்ண வேண்டியிருந்தது. ஒண்ணுமில்லடா என்பது அவளைத் தூங்கவைத்து நான் வெளியே போவதற்கான வழி. வழியில் கிடைத்த நன்மை அவளுடைய தூக்கம். அது உண்மையான நன்மைதான். குற்றமில்லாத நன்மை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் நாள் காலை இதைவிடக் கொடியது. போர்வையை எடுத்ததும் அவள் என்னிடம் வலிக்குமா என்று கேட்கவில்லை. நர்ஸிடம் கேட்டாள். பிறகு என்னிடம் வேறொன்று சொன்னாள்: “அப்பா, நான் இனிமே நல்லா சாப்பிடறேன். சேட்டை பண்ண மாட்டேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அங்கே நிற்கக் கஷ்டமாக இருந்தது. சாப்பிடாவிட்டால் டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று அவளுக்கு இரண்டு வயசிலிருந்து சொல்லி வந்திருக்கிறோம். நான் சொன்னேன், அவள் அம்மா சொன்னாள், பாட்டி சொன்னாள். எனக்கும் என் பாட்டி சொன்னாள். தமிழ்நாட்டில் ஊசி ஒரு மருந்து ஆவதற்கு முன் ஒரு தண்டனை. அவளுடைய தர்க்கத்தில் ஒரு பிழையும் கிடையாது. குற்றம் செய்தவர்களுக்கு ஊசி. எனக்கு இரண்டு நாளாக ஊசியைவிடப் பெரிதாக ஏதோ நடக்கிறது. ஆகவே நான் பெரிய குற்றம் செய்திருக்கிறேன். ஒரு முழுக் கர்மவினைக் கோட்பாட்டை நான்கு வயதுக்குள் அவளுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டோம். துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணம் நீதான்.

தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ், ஒரு குழந்தையின் கண்ணீரின் மேல் எழுப்பப்படும் எந்த இசைவும் தனக்கு வேண்டாம் என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். நம்மில் பலர் அந்தப் பக்கங்களை ஒரு காலத்தில் மனப்பாடமாகச் சொல்வோம். இவானுடைய கேள்வி கடவுளைப் பார்த்து. குழந்தை ஏன் துன்பப்பட வேண்டும் என்பது கடவுள் பதில் சொல்ல வேண்டியதாக இருக்கட்டும். அந்தத் துன்பத்துக்கு என்ன பெயர் என்று குழந்தைக்குச் சொன்னவர்கள் நாம். அதைக் கடவுளிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. இவானுக்குக் குழந்தைகள் இல்லை என்பதையும் நினைத்துக்கொண்டேன். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிற சுதந்திரம் அவனுக்கு இருந்தது. எனக்கு ஆறரை மணிக்குள் வயிற்று நீர் பரிசோதனைக்கூடத்துக்குப் போயாக வேண்டும்.

“நீ ஒரு தப்பும் பண்ணல” என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. முந்தின நாள் நான் சொன்னது பொய்யாகிவிட்டதல்லவா. அவளுக்கு மிக அவசியமான ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்த நேரத்தில் என் வார்த்தைக்கு மதிப்பு இல்லை. வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இது புரியாமல் இருக்க முடியாது.

மூன்றாம் நாள் அவள் அழவில்லை. போர்வையைச் சுற்றவிட்டாள். குழாய் போகும்போது கண்ணை மூடிக்கொண்டாள். “பாப்பா சமத்து” என்றாள் நர்ஸ். அன்புடன்தான் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது.

சமத்து என்ற சொல்லை நாம் யோசிப்பதே இல்லை. சாமர்த்தியம் என்ற பொருளில் கிளம்பிய சொல், குழந்தையிடம் வரும்போது தொந்தரவு கொடுக்காமலிருப்பது என்றாகிவிட்டது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் லண்டனில் ஒரு சினிமாப் படம் எடுத்தார். இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருப்பது படம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெற்றோர் கூட இருக்க அனுமதி கிடையாது. பெற்றோர் வந்தால்தான் குழந்தைகள் அழுகின்றன, வராவிட்டால் இரண்டு நாளில் அடங்கி, சமத்தாகிவிடுகின்றன என்பது ஆஸ்பத்திரிகளின் வாதம். அந்த அடக்கம் என்னவென்று ராபர்ட்ஸன் காட்டினார். டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். 1959இல் அங்கே அரசாங்கக் குழு ஒன்று, பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

இன்னொன்று. 1980கள் வரைக்கும்கூட, பிறந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது சரியான மயக்க மருந்து கொடுக்காமல் விடுவது மேல்நாட்டிலேயே வழக்கத்தில் இருந்தது. அவற்றுக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்று நம்பினார்கள். இந்தியாவிலிருந்து போன ஆனந்த் என்ற டாக்டரும் அவரது சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சிகள், வலியை அடக்காவிட்டால் அந்தச் சிசுக்களின் உடம்பு எப்படித் தத்தளிக்கிறது என்று காட்டிய பிறகே வழக்கம் மாறத் தொடங்கியது. குழந்தைக்கு வலிக்காது என்பது ஒரு காலத்தில் விஞ்ஞானமாகவே இருந்திருக்கிறது. கையில் கத்தியும் குழாயும் வைத்திருக்கிறவனுக்கு அந்த நம்பிக்கை தேவை. இல்லாவிட்டால் கை நடுங்கும். வலிக்காது என்று நான் சொன்னபோது என் கையும் நடுங்கவில்லை.

பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. மலை மனிதரின் வெள்ளை மனசு, படித்தவனின் கள்ளத்தனம் என்று இந்தக் கட்டுரையை யாராவது படித்துவிடுவார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் வெள்ளந்தி இல்லை. கல்வராயன் மலை 1976இல் அரசாங்கத்தின் கைக்கு வரும்வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மலைக்காரர் என்ற அர்த்தத்தில் மலையாளி என்று சொல்லப்படும் அந்த ஜனங்களுக்கு, மேலே இருப்பவன் சொல்கிற சமாதான வார்த்தைக்கு என்ன விலை என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். இரண்டாம் நாள் டீக்கடையில் அவரிடம், பையனிடம் வலிக்காதுன்னு சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “சொன்னா நாளைக்கு என்னத்தச் சொல்றது சார்?” என்றார். தத்துவமாகச் சொல்லவில்லை. மூன்று நாள் சோதனையில் முதல் நாளே கையிருப்பைச் செலவழிக்க அவர் தயாராயில்லை. அவ்வளவுதான். அவரிடம் நான் கவனித்த முக்கியமான விஷயம் வேறு. “பிடிச்சுக்கிட்டே இருப்பேன்” என்றார் அல்லவா, அதில் ஒளிவு மறைவு இல்லை. பையன் திமிறினால் அமுக்கப்போகிற பிடியும் அதுதான், பிறகு அவன் சாய்ந்துகொள்ளப்போகிற பிடியும் அதுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் என் பெண்ணிடம் இந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை. பிடித்தேன், சொல்லாமல்.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். குழந்தையின் சம்மதம் இல்லாமல் குழந்தைக்கு வலி கொடுக்கிற உரிமை பெற்றவர்களுக்கு உண்டு. சில வேளை அது கடமை. குழாயைத் தவிர்த்திருக்க முடியாது, பிடிப்பதையும் தவிர்த்திருக்க முடியாது. ஆனால் அந்த உரிமை கைக்குத்தான். நாக்குக்கு நீளாது. கை ஒன்று செய்துகொண்டிருக்கும்போது நாக்கு வேறு சொல்லுமானால், அவளைப் பிடித்திருப்பவன் அவளுடைய அப்பா இல்லை, அப்பா மாதிரி பேசுகிற யாரோ. உண்மை சொல்வது என்பது அவளுக்குத் தகவல் கொடுப்பதும் இல்லை. வயிற்று நீரையும் கிருமியையும் பற்றி நான்கு வயசுக்கு என்ன சொல்ல? அமுக்குகிறவனும் அணைக்கிறவனும் ஒரே ஆள் என்று அவளுக்குத் தெரியும்படி இருப்பதுதான் அங்கே முடிகிற உண்மை. அதற்கு மேல் கேட்டால், எப்போ வீட்டுக்குப் போவோம், எனக்குச் சரியாயிடுமா என்று கேட்டால், தெரியாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இன்னும் வரவில்லை.

பத்தாம் நாள் முடிவு வந்தது. கையிலிருந்த தடிப்பு கணக்குக்குக் கீழே. வயிற்று நீரில் கிருமி இல்லை. சாதாரண மருந்துக்கே நிழல் மறைந்துகொண்டிருப்பதாக இரண்டாவது எக்ஸ்ரே சொன்னது. “ஒண்ணுமில்ல சார், கூட்டிட்டுப் போங்க” என்றார் டாக்டர். பையனுக்குக் கிருமி தெரிந்தது. ஆறு மாத மருந்து எழுதினார்கள். அவனுடைய மூன்று விடியற்காலைகளுக்கு ஒரு பயன் இருந்தது என்று சொல்லலாம். என் பெண்ணுடையதற்கு? ஒன்றுமில்லை என்று தெரிந்ததே பயன் என்பார்கள். தெரிந்துகொண்டவன் நான். குழாய் போனது அவளுக்குள். பிறகு கிடைக்கப்போகிற நன்மையை வைத்து முன்னால் சொன்ன பொய்யைத் தீர்த்துவிடலாம் என்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். என்னைச் சங்கடப்படுத்தியது இன்னொன்று. டாக்டர் சொன்னது நான் முதல் நாள் இரவு சொன்ன அதே வார்த்தை. அவர் வாயில் அது உண்மையாக இருந்தது.

கரியாலூருக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தவளின் உள்ளங்காலில் முள் தைத்துவிட்டது. ஊக்கைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “வலிக்குமா?” என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

“வலிக்கும்” என்றேன். “பத்து எண்ணு, முடிஞ்சிடும். நான் காலைப் பிடிச்சுக்குவேன்.”

எண்ணினாள். முள் உடைந்து உள்ளே போயிருந்தது. பத்து வந்தது, முள் வரவில்லை. அழுதுகொண்டே பதினேழு வரை எண்ணினாள். முள்ளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் கோபமாகச் சொன்னாள்: “பத்துன்னு சொன்னியே.”

ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் என்னிடம் நேராகக் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.